17 பி: ஓர் அரசுப் பள்ளி ஆசிரியரை வேலையை விட்டு நீக்குவது ஏன் இவ்வளவு கடினம்?

2000-களின் தொடக்கத்தில் உலக வங்கியின் ஆதரவோடு ஓர் ஆய்வு நடந்தது. முன்னறிவிப்பு இல்லாமல் இந்தியா முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய், ஆசிரியர் வந்திருக்கிறாரா என்று பார்த்தார்கள். சராசரியாக நான்கில் ஒருவர் பள்ளியில் இல்லை. மகாராஷ்டிரத்தில் 15 விழுக்காடு, தமிழ்நாட்டில் 21, ஜார்க்கண்டில் 42. இந்தக் கணக்கு பலமுறை செய்தியாகிவிட்டது. அதே ஆய்வில் இருந்த இன்னொரு தகவலை அவ்வளவாக யாரும் கண்டுகொள்ளவில்லை. தொடர்ந்து வராமல் இருந்ததற்காக ஓர் ஆசிரியரை எப்போதாவது வேலையை விட்டு நீக்கியது உண்டா என்று கேட்டபோது, ஏறத்தாழ 3,000 அரசுப் பள்ளிகளில் ஒரே ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியர்தான் உண்டு என்று சொன்னார்.

ஆசிரியர்கள் பக்கத்து நியாயத்தையும் உடனே சொல்லிவிட வேண்டும். அன்று பள்ளியில் இல்லாத எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. விடுப்பில் இருந்தவர், பயிற்சிக்குப் போனவர், வாக்காளர் பட்டியல் வேலையில் இருந்தவர் எல்லோரும் அந்தக் கணக்கில் சேர்ந்துதான் வருவார்கள். 2017-ல் அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை ஆறு மாநிலங்களில் செய்த ஆய்வில், காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 விழுக்காடுதான். ஆனால் நான் எழுத வந்தது எத்தனை பேர் தவறு செய்கிறார்கள் என்பதைப் பற்றி அல்ல. தவறு செய்தவர் என்று ஊருக்கே தெரிந்த ஒருவர் மேல் நடவடிக்கை எடுக்கும்போது அந்தக் கோப்பு எங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றி.

டீக்கடையில் கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும். ஒன்று, சங்கம் விடாது. இன்னொன்று, கவர்மென்ட் வேலைக்காரனை யாராலும் அசைக்க முடியாது, சட்டம் அப்படி. முதல் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவது பதிலில் அதைவிடக் குறைவு. நீக்குவதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது, உச்ச நீதிமன்றமும் பலமுறை பணிநீக்கங்களைச் சரி என்று சொல்லியிருக்கிறது. அந்த வழியில் கோப்பை ஒழுங்காக நடத்திக்கொண்டு போக யாருக்கும் நேரமோ, பயிற்சியோ, அக்கறையோ இல்லை என்பதுதான் என் எண்ணம்.

311 எங்கிருந்து வந்தது

அரசமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. நியமனம் செய்த அதிகாரிக்குக் கீழே உள்ளவர் ஓர் அரசு ஊழியரை நீக்க முடியாது. என்ன குற்றச்சாட்டு என்று சொல்லி, விசாரணை நடத்தி, தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்புக் கொடுக்காமல் யாரையும் பணியறவு (டிஸ்மிஸ்) செய்யவோ, நீக்கவோ, பதவி இறக்கவோ கூடாது. இது 1950-ல் புதிதாக முளைத்தது அல்ல. 1919, 1935 ஆண்டுகளின் இந்திய அரசுச் சட்டங்களிலேயே இதன் வேர் இருக்கிறது. வெள்ளைக்காரன் தன் அதிகாரிகளைக் காப்பாற்றிக்கொள்ளப் போட்ட வேலி, பின்னால் பள்ளிக்கூடத்து வாத்தியார் வரை நீண்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

தமிழ்நாட்டில் அந்த வேலிக்கு ஒரு தேவையும் இருந்தது. பஞ்சாயத்து ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981 ஜூன் 1-ம் தேதிதான் அரசு ஊழியர்கள் ஆனார்கள். அதற்கு முன்பு உள்ளூர் அரசியல் பெரிய மனிதரின் முகம் கோணினால் ஆசிரியருக்கு ஊர் மாற வேண்டியதுதான். உதவி பெறும் பள்ளிகளில் இன்னும் மோசம். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பாதியைக் கையில் கொடுத்த நிர்வாகங்களைப் பற்றி அந்தக் காலத்து ஆசிரியர் வீடுகளில் இன்றைக்கும் கதை கதையாகச் சொல்வார்கள். 1973-ஆம் ஆண்டுத் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம், கல்வித் துறையின் முன் அனுமதி இல்லாமல் நிர்வாகம் ஓர் ஆசிரியரை நீக்க முடியாது என்று சொன்னது இந்தப் பின்னணியில்தான். சாதியைக் காரணம் காட்டி, கணக்குக் கேட்டதைக் காரணம் காட்டி, பணம் கொடுக்க மறுத்ததைக் காரணம் காட்டி ஆளை வெளியே தள்ளுவது கற்பனைக் கதை அல்ல. இதை மறந்துவிட்டு 'நடைமுறையெல்லாம் எதுக்கு, தூக்கி எறி' என்று பேசுகிறவர்கள், தூக்கி எறியும் அதிகாரம் யார் கையில் போய்ச் சேரும் என்பதையும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு கோப்பின் பயணம்

அரசுப் பள்ளி ஆசிரியர்களிடையே '17 ஏ', '17 பி' என்ற இரண்டு சொற்களுக்கு விளக்கமே தேவையில்லை. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 17-வது விதியின் இரண்டு பகுதிகள் அவை. 17 ஏ சிறு தண்டனைக்கு: கண்டனம், ஊதிய உயர்வை நிறுத்துவது போன்றவை. விளக்கம் கேட்டு, பதிலைப் படித்து, ஆணை போட்டுவிடலாம். 17 பி பெருந்தண்டனைக்கு: பதவி இறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம், பணியறவு. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. நீக்கப்பட்டவர் வேறு அரசு வேலைக்கு முயலலாம். பணியறவு ஆனவருக்குப் பொதுவாக அந்தக் கதவும் மூடிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோம். ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஓர் ஆசிரியர் குடித்துவிட்டு வகுப்புக்கு வருகிறார். முதல் நாளே புகார் போகாது. தலைமை ஆசிரியர் கூப்பிட்டுச் சொல்லிப் பார்ப்பார். ஆசிரியரின் மனைவி வந்து அழுவார், பிள்ளைகளின் படிப்பைச் சொல்வார். சரி, ஒரு தடவை விட்டுவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். இப்படி இரண்டு வருடம் ஓடிய பிறகு, ஒரு நாள் அவர் ஒரு பையனை அடித்துவிட, பெற்றோர் திரண்டு வந்து பள்ளியைப் பூட்டுகிறார்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வருகிறார், வாக்குமூலம் வாங்குகிறார், அன்று மாலையே சஸ்பென்ஷன் ஆணை வருகிறது. ஊர் சமாதானமாகிவிடுகிறது. உள்ளூர் நிருபரும் செய்தி போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறார்.

வேலை உண்மையில் இங்கேதான் தொடங்க வேண்டும். தற்காலிகப் பணிநீக்கம் என்பது தண்டனை அல்ல. அந்தக் காலத்தில் அவருக்குப் பிழைப்பூதியம் உண்டு. முதலில் பாதிச் சம்பளம், சில மாதங்கள் கழிந்தால் முக்கால் பங்கு வரை. இதற்குள் 17 பி குறிப்பாணை தயாராக வேண்டும். அதில் நான்கு இணைப்புகள் இருக்கும்: குற்றச்சாட்டுகள், அவற்றின் விவரம், ஆதார ஆவணங்களின் பட்டியல், சாட்சிகளின் பட்டியல். கோப்பு சாய்வது பெரும்பாலும் இந்த நான்கு தாள்களில்தான்.

'மேற்படி ஆசிரியர் அடிக்கடி மது அருந்திவிட்டுப் பள்ளிக்கு வந்து ஒழுங்கீனமாக நடந்துகொண்டார்' என்று குற்றச்சாட்டு எழுதப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி என்றால் எந்தத் தேதிகளில்? ஒழுங்கீனம் என்றால் என்ன செய்தார்? அன்றைய தினம் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சோதித்தார்களா? இரண்டு வருடமாகத் தெரியும் என்று சாட்சி சொல்லும் தலைமை ஆசிரியர் அந்த இரண்டு வருடத்தில் ஒரு மெமோவாவது கொடுத்திருக்கிறாரா? வருகைப் பதிவேட்டில் எல்லா நாளும் கையெழுத்து இருக்கிறதே, அது எப்படி? ஆசிரியர் தரப்பில் இந்தக் கேள்விகளைக் கேட்கப் பெரிய வக்கீல் தேவையில்லை. விதிமுறை தெரிந்த ஒரு மூத்த சங்கப் பொறுப்பாளர் போதும். விளக்கத்தை அவரே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிடுவார்.

அப்புறம் விசாரணை அலுவலர் நியமனம். அவரும் கல்வித் துறைக்காரர்தான். தன் சொந்த வேலைக்கே நேரம் போதாத ஓர் அலுவலர், தேர்வு, ஆய்வு, விலையில்லா மிதிவண்டி விநியோகம் எல்லாவற்றுக்கும் நடுவில் இதையும் பார்க்க வேண்டும். சாட்சியை எப்படி விசாரிப்பது, குறுக்கு விசாரணையை எப்படிப் பதிவு செய்வது என்று யாரும் அவருக்கு முறையாகச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். தேதி குறித்தால் சாட்சி வரமாட்டார். சாட்சி வந்தால் குற்றம் சாட்டப்பட்டவர் மருத்துவ விடுப்பு அனுப்புவார். புகார் கொடுத்த தகப்பன் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருப்பார். சக ஆசிரியர்கள், நாளை இதே ஒன்றியத்தில் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டுமே என்று, 'நான் நேரில் பார்க்கவில்லை, மற்றவர்கள் சொல்லக் கேட்டேன்' என்று முடித்துக்கொள்வார்கள்.

இத்தனையையும் தாண்டி அறிக்கை வந்தால், அதன் நகலை அவருக்குக் கொடுத்து மறுவிளக்கம் கேட்க வேண்டும். அறிக்கையின் நகலைப் பெறுவது ஊழியரின் உரிமை என்று 1993-ல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. அவசரத்தில் இந்தப் படியைத் தாண்டிய ஆணைகள் நீதிமன்றத்தில் சிக்கலுக்கு உள்ளாகும். பிறகு இறுதி ஆணை. அதை யார் போட்டார் என்பதும் முக்கியம். இடைநிலை ஆசிரியருக்கு நியமன அதிகாரி ஒருவர், முதுகலை ஆசிரியருக்கு வேறொருவர். தவறான நாற்காலியில் இருந்து போன ஆணை முதல் நாளிலேயே செத்த ஆணை. அதற்கு மேல் மேல்முறையீடு, சீராய்வு, கடைசியில் சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு.

கிராமத்துப் பெற்றோரின் கண்ணில் இது முழுக்க வேறு மாதிரி தெரியும். 'அந்த வாத்தியார் மூணு வருஷம் கழிச்சு திரும்பி வந்துட்டார், கோர்ட்டே அவரை விட்டுடுச்சு' என்பார்கள். அவர் குடிக்கவில்லை என்று கோர்ட் எங்கும் சொல்லியிருக்காது. விசாரணை சரியாக நடக்கவில்லை, மீண்டும் நடத்து என்று மட்டுமே சொல்லியிருக்கும். மீண்டும் நடத்த அலுவலகத்தில் ஆள் இருந்தால்தானே.

நீதிமன்றம் உண்மையில் என்ன சொல்கிறது

துறை விசாரணையில் குற்றவியல் வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். தண்டனையின் அளவில் உயர் நீதிமன்றம் எளிதில் தலையிடக் கூடாது என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மனசாட்சியை உலுக்கும் அளவுக்குத் தண்டனை மிகையாக இருந்தால் மட்டுமே தலையீடு. கேந்திரிய வித்யாலயா ஒன்றின் கடைநிலை ஊழியர் குடித்துவிட்டு முதல்வரின் அறைக்குள் நுழைந்தார், பணி போயிற்று. தண்டனை அதிகம் என்று உயர் நீதிமன்றம் நினைத்தது. 2013-ல் உச்ச நீதிமன்றம், பள்ளிக்கூடத்தில் இது சின்ன விஷயம் இல்லை என்று பணிநீக்கத்தை மீண்டும் உறுதி செய்தது.

குற்றவியல் வழக்கில் விடுதலை ஆகிவிட்டால் வேலை தானாகத் திரும்பக் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் ஒரு பெண்ணிடம் தவறாக நடந்துகொண்ட காவலர் ஒருவரின் வழக்கு இதற்கு நல்ல பதில். சாட்சிகள் பிறழ்ந்ததால் குற்றவியல் வழக்கில் அவர் தப்பினார். துறை விசாரணையில் பணி போனது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் துறையின் பக்கம் நின்றது. அவர் ஆசிரியர் அல்ல, காவலர். ஆனால் அந்தத் தீர்ப்பு சொல்லும் சட்டம் எல்லா அரசு ஊழியருக்கும் பொருந்தும்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வீட்டு வசதி வாரியத்துப் பொறியாளர் ஒருவர் மேல் பத்து வருடத்துக்கு முந்தைய விஷயத்துக்காகக் குற்றச்சாட்டுக் கொடுத்தார்கள். இவ்வளவு தாமதத்துக்கு விளக்கமே இல்லை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் மொத்த நடவடிக்கையையும் ரத்து செய்தது. குறிப்பாணை கொடுக்காமல் மூன்று மாதத்துக்கு மேல் சஸ்பென்ஷனில் வைத்திருக்கக் கூடாது என்று 2015-ல் இன்னொரு தீர்ப்பு. துறை விசாரணையை ஆறு மாதத்தில், மிஞ்சிப்போனால் ஒரு வருடத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று அதே ஆண்டில் மற்றொன்று.

அரசு தோற்றால் செலவும் சாதாரணமல்ல. மகாராஷ்டிரத்தில் நிர்வாகம் அநியாயமாக வெளியேற்றிய ஓர் ஆசிரியைக்கு 2013-ல் உச்ச நீதிமன்றம் முழு நிலுவைச் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. தவறாக நீக்கினால் வேலையோடு பழைய சம்பளமும் சேர்த்துக் கொடுப்பதுதான் பொது விதி என்றது. அந்த ஆசிரியைக்கு அது நியாயம். ஆனால் ஒரு மாவட்ட அலுவலர் இதைப் படித்தால் என்ன முடிவுக்கு வருவார்? நாம் கையெழுத்துப் போட்ட ஆணை நாளை ரத்தானால் தணிக்கையில் நம் பெயர் வரும். கையெழுத்தே போடாவிட்டால் யாரும் கேட்கப் போவதில்லை.

அதனால்தான் பாதி வழியில் இறங்கிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. பெருங்குற்றமாக இருந்தாலும் 17 ஏ-யில் ஓர் ஊதிய உயர்வை நிறுத்தி முடித்துக்கொள்வது. அதைவிடச் சுலபம் 'நிர்வாக மாறுதல்'. தண்டனைப் பட்டியலில் இடமாறுதல் என்று ஒன்றே கிடையாது. தண்டனைக்குப் பதிலாக மாறுதல் போடுவது சட்டப்படி செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் நடக்கிறது. பிரச்சினை செய்தவர் ஒன்றியம் விட்டு ஒன்றியம் போவார். போகிற ஊர் பெரும்பாலும் பஸ் குறைவான ஊர், கேள்வி கேட்க ஆள் இல்லாத ஊர். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர் கூடவே வரும் கோப்பில் காரணம் 'நிர்வாக நலன்' என்றுதான் இருக்கும்.

இதன் மறுபக்கம் ஒன்றைச் சங்கங்கள் சரியாகவே சுட்டிக்காட்டுகின்றன. நேர்மையான ஆசிரியருக்கு 17 பி நிலுவையே ஒரு தண்டனை. குறிப்பாணை நிலுவையில் இருக்கும் வரை பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறாது. விசாரணை ஐந்து வருடம் இழுத்தால் ஐந்து வருடம் போச்சு, கடைசியில் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று வந்தாலும். முப்பது வருடம் வேலை பார்த்தவரை ஓய்வு பெறும் நாள் மாலையில் சஸ்பெண்ட் செய்யும் பழக்கம்கூட இங்கே நெடுநாள் இருந்தது. 2021-ல்தான் இனி அதைத் தவிர்ப்பதாக அரசு அறிவித்தது. தாமதம் குற்றவாளிக்கு வசதி, குற்றமற்றவருக்குக் கொடுமை. இதில் மட்டும் பெற்றோரும் சங்கமும் ஒரே பக்கம் நிற்கலாம், ஆனால் நின்று நான் பார்த்ததில்லை.

குழந்தை சாட்சியாகும்போது

குடி, கையாடல், வராமை எல்லாவற்றையும்விடக் கடினமானது பாலியல் புகார். ஏனென்றால் இங்கே சாட்சி ஒரு குழந்தை. போக்சோ சட்டம் 2012 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. கல்வி நிறுவனத்தின் ஊழியரே குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை, தெரிந்தும் புகார் செய்யாதவர் மேலும் வழக்கு, நீதிமன்றத்தில் குற்றவாளி குழந்தையின் கண்ணில் படாதபடி ஏற்பாடு என்று பலவற்றை அது கொண்டுவந்தது. ஆனால் துறை விசாரணை நீதிமன்ற அறை அல்ல. ஓர் அலுவலகத்தின் மேசைக்கு இந்தப் பக்கம் குழந்தை, அந்தப் பக்கம் அவளுடைய ஆசிரியர். குறுக்கு விசாரணை செய்ய அவருக்கு உரிமை உண்டு. எந்தத் தாய் இதற்கு ஒப்புக்கொள்வாள்?

நவோதயா பள்ளி ஒன்றில் இது முன்பே வந்தது. இரவு நேரத்தில் மாணவிகளின் விடுதிக்குப் போன ஓர் ஆசிரியரை, முழு விசாரணை இல்லாமல் சுருக்கமான விசாரணையை மட்டும் வைத்து நீக்கினார்கள். மாணவிகளைக் குறுக்கு விசாரணைக்கு உட்படுத்துவது அவர்களுக்கு மேலும் அவமானம் என்ற காரணத்தை 1996-ல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. கேந்திரிய வித்யாலயாவின் கல்வி விதித்தொகுப்பிலும் 81(பி) என்று இதே மாதிரி ஒரு வழி இருக்கிறது. ஆணையர் சுருக்க விசாரணையில் திருப்தி அடைந்தால், அறிவிப்புக்கால ஊதியத்தைக் கொடுத்து ஆசிரியரை வெளியேற்றலாம். ஆபத்தான அதிகாரம்தான். ஆனால் அதை உயர்மட்டத்தில் ஒருவர் கையில் மட்டும் வைத்திருப்பதால், ஏன் பயன்படுத்தினார் என்பதற்கு அவரே பதில் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டிலும் அரசு சும்மா இருக்கவில்லை. மாணவியரிடம் தவறாக நடந்து குற்றம் உறுதியானால் கட்டாய ஓய்வோ பணிநீக்கமோ பணியறவோதான், கல்விச் சான்றிதழ்களையும் ரத்து செய்யலாம் என்று 2012-ல் பள்ளிக் கல்வித் துறை அரசாணை வெளியிட்டது. காகிதத்தில் இதைவிடக் கடுமையாக எழுத முடியாது. 2025 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் 13 வயது மாணவி ஒருத்தியைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக ஒரே அரசுப் பள்ளியின் மூன்று ஆசிரியர்கள் கைதானார்கள். நிலுவையில் தூங்கிய பழைய கோப்புகளைத் துறை அதற்குப் பிறகுதான் அவசரமாகத் தேடி எடுத்தது. அரசாணை வந்து அப்போது ஏறத்தாழ 13 வருடம்.

இன்னொரு தடை, சமரசம். ஊர்ப் பெரியவர் முன்னால் பேசி, பெண்ணின் பெயர் கெடும் என்று சொல்லி, பணமும் கைமாறி, புகாரைத் திரும்பப் பெறுவது. ராஜஸ்தானில் ஓர் அரசுப் பள்ளி ஆசிரியர் மீதான போக்சோ வழக்கில் மாணவியின் தந்தையோடு உடன்பாடு ஏற்பட்டதாகச் சொல்லி உயர் நீதிமன்றம் வழக்கையே ரத்து செய்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நீக்கி வழக்கை உயிர்ப்பித்தது. இது இரண்டு பேர் பேசி முடித்துக்கொள்ளும் தனி விவகாரம் இல்லை என்றது. அங்கே உச்ச நீதிமன்றம் வரை போனவர்கள் அந்தப் பெண்ணின் குடும்பத்தார் அல்ல. வழக்குக்கு வெளியே இருந்த இருவர்.

இது நம் ஊர் நோய் மட்டுமா என்றால், இல்லை. நியூயார்க் நகரத்தில் குற்றச்சாட்டுக்கு ஆளான பள்ளி ஆசிரியர்களை விசாரணை முடியும் வரை ஓர் அறையில் உட்கார வைத்து முழுச் சம்பளம் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான பேர், சிலர் ஆண்டுக்கணக்கில். 2010-ல் சங்கத்தோடு உடன்பாடு செய்துதான் அந்த அறைகளை மூடினார்கள். லாஸ் ஏஞ்சலஸில் மிராமோன்டே என்ற தொடக்கப் பள்ளியின் ஆசிரியர் ஒருவர் 2012-ல் குழந்தைகளிடம் கொடூரமாக நடந்துகொண்டதாகக் கைதானார். நீக்கத்தை எதிர்த்து அவர் போட்டிருந்த முறையீட்டைக் கைவிட வைக்க, பள்ளி நிர்வாகம் அவருக்கே 40,000 டாலர் கொடுத்தது. வழக்காடுவதைவிட அது மலிவு என்பதுதான் கணக்கு. அதே விவகாரத்தில் 2014-ல் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ஒரே உடன்பாட்டில் 13.9 கோடி டாலர் கொடுக்க வேண்டி வந்தது.

ஒரே இரவில் 1,70,000 பேர்

அரசால் நீக்கவே முடியாது என்று சொல்பவர்கள் 2003-ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஜூலையில் தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஜெயலலிதா அரசு தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தை, அதாவது டெஸ்மாவை, ஓர் அவசரச் சட்டத்தால் திருத்தியது. விசாரணை இல்லாமல், குறிப்பாணை இல்லாமல், ஏறத்தாழ 1,70,000 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை அரசு ஊழியருக்கு இல்லை என்று 2003 ஆகஸ்ட் 6-ல் தீர்ப்பு வந்தது. ஆனால் நீதிமன்றத்தின் யோசனையை ஏற்று, மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தவர்களில் பெரும்பாலோரை அரசு திரும்பச் சேர்த்துக்கொண்டது. எஞ்சிய ஆறாயிரத்துச் சொச்சம் பேரின் விஷயம் ஓய்வு பெற்ற நீதிபதிகளிடம் போனது.

மனசு வைத்தால் அரசு எவ்வளவு வேகமாக ஓடும் என்று அன்று எல்லோரும் பார்த்தார்கள். அந்த மனசு வந்தது அரசின் அதிகாரத்துக்கே சவால் வந்தபோது. குடித்துவிட்டு வகுப்பில் தூங்குகிறவர் அரசுக்குச் சவால் இல்லை. அவரால் ஆட்சி கவிழாது, வாக்குச் சாவடி நிற்காது. பாதிக்கப்படுவது முப்பது பிள்ளைகள். அதிலும் வசதி உள்ள வீட்டுப் பிள்ளைகள் எப்போதோ மெட்ரிகுலேஷன் பள்ளிக்குப் போய்விட்டார்கள். மேலே போய்க் கேட்கத் தெரிந்த பெற்றோர் இல்லாத பள்ளியில், கோப்பை நகர்த்தச் சொல்லி யார் போன் செய்வார்கள்?

சங்கத்தின் பலத்தையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 1986-ல் சட்ட மேலவை கலைக்கப்படும் வரை ஆசிரியர்களுக்கென்றே தனித் தொகுதிகள் இருந்த மாநிலம் இது. தேர்தல் நடத்துகிறவர்கள் அவர்கள், கிராமத்தில் செய்தித்தாள் படித்துச் சொல்கிறவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான். இருந்தாலும், மோசமான ஓர் உறுப்பினருக்காகச் சங்கம் தெருவில் இறங்கியதால் கோப்பு நின்றது என்பதைவிட, அப்படி இறங்கிவிடுமோ என்ற பயத்தில் அலுவலகமே கோப்பை அடியில் வைத்தது என்பதுதான் அதிகம் இருக்கும்.

என்ன செய்யலாம் என்பதில் அதிசயம் ஒன்றும் இல்லை. விசாரணைக்கென்றே தனி அலுவலர்கள், மாவட்டத்துக்கு இருவர் மூவர், சட்டப் பயிற்சியோடு, வேறு வேலை இல்லாமல். குழந்தை சாட்சியாக வரும் விசாரணைக்குத் தனி நடைமுறை. அவளை ஒரே ஒரு முறை, பயிற்சி பெற்ற ஒருவர் வழியாகக் கேட்டுப் பதிவு செய்து, அந்தப் பதிவையே எல்லா மட்டத்திலும் ஏற்பது. 17 பி கொடுத்து ஒரு வருடத்தில் முடியவில்லை என்றால் யார் மேசையில் நின்றது என்று பெயரோடு கேட்பது. முதல் மெமோவைச் சரியான தேதியோடு எழுதத் தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தாலே பாதிக் கோப்புகள் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. தலைமை ஆசிரியருக்கே நீக்கும் அதிகாரம் கொடுக்கலாம் என்று சிலர் சொல்வதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. மேலே சொன்ன 1981-க்கு முந்தைய கதைகள் அதே அதிகாரத்தின் கதைகள்.

அந்த அதிகாரம் இன்றைக்கும் யார் மேல் செலுத்தப்படுகிறது என்று பார்த்தாலே போதும். 2012-ல் ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பின்னால் அது 12,500 ஆனது. 2022-ல் காலியிடங்களை நிரப்பப் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்கள் வந்தார்கள். இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரிக்கு 10,000, முதுகலைக்கு 12,000 என்று தொடங்கியது. பகுதிநேரமோ தற்காலிகமோ, இவர்களுக்கு நிரந்தர ஆசிரியருக்கு உள்ள பாதுகாப்பு கிடையாது. தலைமை ஆசிரியரோடு ஒத்துவராவிட்டாலும், குழுவில் உள்ள ஒருவரின் உறவினருக்கு இடம் தேவைப்பட்டாலும், 'அடுத்த மாசத்திலிருந்து வர வேண்டாம் டீச்சர்' என்று ஒரு போன் போதும். 17 பி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளும் தேவைகூட அவர்களுக்கு வராது.